மூடியின் உட்புறம்

எனக்குப் பால் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது தோண்டி எடுத்து இதையே பெரிய ஆதாரமாக உங்கள் முன்னால் வைக்க வேண்டாம். ஏழு வயதில் என் அம்மா ஒரு தம்ளர் பாலை ஆடையோடு என் வாயில் ஊற்றினாள். அந்த ஆடை பாதி தொண்டையிலும் பாதி நாக்கிலுமாகத் தொங்கியது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு சொட்டுப் பால் குடித்ததில்லை. உங்கள் எழுத்தர் காலையில் கொண்டுவந்து வைத்த டீயை நான் தொடாததற்கும் அதுதான் காரணம். மரியாதைக் குறைவு என்று அவர் நினைக்க வேண்டாம்.

அப்படிப்பட்டவன் இருபத்தாறு வருடம் பால் தரம் பார்க்கும் வேலையில் எப்படி இருந்தான் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். பால் என்றால் உருகுகிறவனுக்குக் குறை தெரியாது, ஐயா. அருவருப்பு உள்ளவனுக்குத்தான் தெரியும். என்னை வேலைக்கு எடுத்தவர் பத்து பேரை வரிசையாக நிறுத்தி, பத்து கிண்ணங்களைக் கொடுத்து முகரச் சொன்னார். மற்றவர்கள் யோசித்து யோசித்துச் சொன்னார்கள். நான் ஏழாவது கிண்ணத்தில் குமட்டி எழுந்து வெளியே ஓடினேன். அந்த ஏழாவதில்தான் ஒரு துளி பழைய பால் கலந்திருந்தார்கள். அன்று மதியமே வேலை உறுதியானது. மாலைக்குள் எனக்கு மூக்கர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு என் அக்காவும் வங்கிக்காரர்களும்தான்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். தெரிந்தால்தான் மற்றது புரியும். விடிந்ததும் சுற்று வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் கேன்களைக் கொண்டுவந்து எங்கள் மேடையில் வைப்பார்கள். அறுபது பேர், இருநூறு கேன், மூன்று மணி நேரம். நான் ஒவ்வொரு கேனாகப் போவேன். மூடியைத் திருகி எடுத்து உடனே கவிழ்த்து, அதன் உட்புறத்தை மூக்குக்குக் கீழே பிடிப்பேன். வாடை எல்லாம் அங்கேதான் தங்கும். பாலைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. பார்ப்பவன் புதுசு என்று அர்த்தம். நல்லதென்றால் கேனின் வயிற்றில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. கெட்டதென்றால் பெருக்கல் குறி. குறி விழுந்த கேனில் ஒரு கரண்டி நீலச் சாயம் ஊற்றிவிடுவார்கள், வேறு எங்கும் கொண்டுபோய் விற்க முடியாதபடி. ஒரு கேனுக்கு எனக்கு ஆகும் நேரம் நான்கு விநாடி. முகர்ந்த பிறகு வாயில் ஊற்றிச் சுழற்றித் துப்ப வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் ஒருநாளும் செய்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

என் முடிவுக்கு மேல் முடிவு கிடையாது. உள்ளே ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருந்தது. அவர்கள் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நல்லதா கெட்டதா என்பது என் சுண்ணக்கட்டியில் இருந்தது.

இப்போது நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுக்கை. எட்டாம் நாள் வேலைக்குப் போய் முதல் கேனின் மூடியைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றும் இல்லை. வெறும் ஈரக் காற்று. சளி அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சளி போய் மாதம் இரண்டு ஆனது. மூக்கு திரும்பவில்லை.

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. அடுப்பில் பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்கட்டிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு வாசனையே தெரியலையா?"

"தெரியலை."

"எத்தனை நாளா?"

நான் சொன்னேன். அவள் பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றாள். நான் சொல்லவில்லை. இதில் அவளைச் சேர்க்க வேண்டாம். அவள் சொன்னது அவ்வளவுதான்.

சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். சொல்லத்தான் இருந்தேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அந்த இரண்டு மாதமும் நான் வழக்கம்போல நாளுக்கு மூன்று நான்கு கேன்களில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கேன் இறக்கும் ஆளுக்குத் தூக்கி என்று பெயர். ஆறடி உயரம், குழந்தை மனசு. நான் குறி போட்டதும் அவன் குனிந்து முகர்வான். "ஆமா மூக்கரே, லேசா அடிக்குது," என்பான். எடை போடுபவரும் வந்து முகர்வார். "லேசா இல்லப்பா, நல்லாவே அடிக்குது," என்பார். ஒரு தடவை கழுவிக் காயவைத்த காலிக் கேனில் வேண்டுமென்றே குறி போட்டேன். தூக்கி மூடியை மூக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மூக்கில் எதுவும் இல்லை, ஐயா. இருபது வருடம் நான் மூக்கால் வேலை செய்கிறேன் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மூடியைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கேனைக் கொண்டுவந்தவன் எப்படி நிற்கிறான், நகம் எப்படி இருக்கிறது, கேனின் கழுத்தில் விரல் வைத்தால் ஒட்டுகிறதா, இதெல்லாம் சேர்ந்து வயிற்றில் ஒரு புரட்டல் வரும். மூக்கு அதற்குப் பிறகு வந்து கையெழுத்துப் போடுகிற ஆள். கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, புரட்டல் இருக்கிறதே.

இது எல்லாரும் செய்வதுதான். உங்கள் வீட்டில் காய் வாங்குகிறவர்கள் கூடையைப் பார்த்தா வாங்குகிறார்கள், கடைக்காரன் முகத்தைப் பார்த்தா? மருத்துவர் உள்ளே நுழையும்போதே நோயாளியை எடை போட்டுவிடுகிறார். நீங்களும் நேற்று இந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நாற்காலியில் உட்காரும் முன் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள், நான் பார்த்தேன். என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. படித்தவன், நல்ல வேலை. சாப்பிட்டு முடித்ததும் உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அதே கையை என்னிடம் நீட்டினான். எனக்குக் குடலைப் பிடுங்கியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தங்கை, "உனக்குப் பிடிக்கலைன்னா வேணாம்ணா," என்றாள். அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் ஏதாவது ஒன்று இருந்தது. அவளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது, தனியாக நிம்மதியாக இருக்கிறாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை, அது அவள் சுபாவம்.

ஆகவே ஆறு வருடம் நான் அப்படித்தான் தரம் பார்த்தேன். சாவியால் காது குடைந்துவிட்டு அதே சாவியை வாயில் கவ்விக்கொண்டு கேன் இறக்கும் ஓட்டுநர் ஒருவன். அவன் கேனுக்கு வாரம் இரண்டு குறி. கைத்துண்டிலேயே மூக்கைச் சிந்தி அதே துண்டால் மூடியைத் துடைக்கும் கிழவர் ஒருவர். அவருக்கு மூன்று. இன்னொரு பக்கம், தினமும் தேய்த்த வெள்ளைச் சட்டையும் சீவிய தலையுமாக வரும் ஒரு மனிதர். அவர் கேன்கள் கண்ணாடி போலப் பளபளக்கும். அவருக்கு நான் ஒருமுறை கூடக் குறி போட்டதில்லை. மூடியைத் திறப்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

நான்கு மாடு, நான்கு சின்னக் கேன். அதனால் நாலு கேன் என்றே பெயர். கணவன் இல்லை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, எப்போதும் தாயின் ஆடையைப் பிடித்துக்கொண்டே வரும். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் மாமியார் வேறு. அந்த மாமியாருக்கு எல்லாம் எடுத்துக் கழுவிவிடுகிற கைகளால்தான் இவள் மாட்டு மடியைப் பிடிக்கிறாள் என்பது முதல் நாளே எனக்குத் தோன்றியது. அவள் வலது கட்டைவிரலில் எப்போதும் ஒரு துணிச் சுற்று இருக்கும். ஓரத்தில் மஞ்சளாக ஊறியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த மூக்கு. வருடம் முழுக்க ஒழுகும். தாய்க்கும் மகளுக்கும் ஒரே ஒழுகல். பேசும்போது உறிஞ்சுவாள், உறிஞ்சிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சத்தத்தை நான் இப்போது நினைத்தாலும் எனக்கு வாயில் உப்புக் கரிக்கிறது.

அவளுக்கு நான் அநியாயம் செய்ததாகச் சொல்கிறார்கள். நான் நான்கு கேனிலும் ஒருநாளும் குறி போட்டதில்லை. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நீலம் ஊற்றும்போது அவள் சண்டை போட மாட்டாள். "அண்ணே, நல்லாக் கழுவிட்டுத்தானே கொண்டாந்தேன்," என்பாள். "நாளைக்கு இன்னும் நல்லாக் கழுவு," என்பேன். அவள் தலையாட்டிவிட்டு நீலப் பாலைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒருநாள் அந்தக் குழந்தை நீலப் பாலில் விரலை விட்டுத் தன் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டது. தூக்கி விழுந்து விழுந்து சிரித்தான்.

போன வருடம் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். தடித்த கண்ணாடி, அதனால் கண்ணாடி. அதிகம் பேச மாட்டாள். அவள் செய்தது என்னவென்றால், ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் நான் குறி போட்ட கேன்களிலிருந்து நீலம் விழும் முன்னால் ஒரு துளி எடுத்துக்கொண்டுபோய் ஆராய்ந்திருக்கிறாள். நான் கோடு போட்ட கேன்களிலிருந்தும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மேலாளரிடம் கொண்டுபோய் வைத்தாள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு அந்த நோட்டைப் படித்துக் காட்டினார். நான் தள்ளிய பாலில் பத்தில் ஒன்பது நல்ல பால். நான் ஏற்றுக்கொண்டதில் கெட்டுப்போனதும் உண்டு, அதில் பெரும்பகுதி வெள்ளைச் சட்டைக்காரருடையது.

"இதுக்கு என்ன சொல்றீங்க சார்?" என்றார் மேலாளர்.

"யந்திரத்துக்கு மூக்கு உண்டா?" என்றேன்.

அவர் நல்லவர், வம்பு வேண்டாம் என்று நினைப்பவர். கண்ணாடி விடவில்லை. "சார் கண்ணைக் கட்டிக்கிட்டு பத்துப் புட்டி முகரட்டும். போதும்," என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கண்ணைக் கட்டினால் எனக்கு என்ன மிஞ்சும்? இருபத்தாறு வருடம் கண்ணைத் திறந்து வேலை பார்த்தவனை இப்படி அவமானப்படுத்தலாமா என்று மேலாளரைக் கேட்டேன். அவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி சொன்னார். ஒரு வாரம் நான் வழக்கம்போலக் குறி போட வேண்டியது. ஆனால் நீலம் ஊற்றக் கூடாது. குறி விழுந்த கேன்களைச் சுவருக்குப் பின்னால் தனியாக வைக்க, கண்ணாடி வந்து முறைப்படி எடுத்து ஆராய்வாள். ஏழு நாள் முடிவில் யார் சொன்னது சரியோ அவர் சொன்னபடி இனி நடக்கும். நான் தோற்றால் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயில்காப்போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு வயதை எட்ட வேண்டியது.

முதல் நான்கு நாளில் பதினொரு கேனுக்குக் குறி போட்டேன். பதினொன்றும் நல்ல பால் என்று வந்தது. ஐந்தாம் நாள் காலை எடை போடுபவர் என் கண்ணைப் பார்க்காமல் வணக்கம் சொன்னார். தூக்கி மட்டும் வழக்கம்போல முகர்ந்து, "அடிக்குது மூக்கரே," என்றான். பாவமாகச் சொன்னான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அன்று நாலு கேன் வந்தபோது நான்கு கேனிலும் குறி போட்டேன். முதல் தடவையாக நான்கிலும். போட்டவுடன் என் கை பழக்கப்படி ஒரு காரியம் செய்தது. தரம் பார்ப்பவர்கள் தள்ளிய பாலில் ஒரு சின்னப் புட்டி நிறைத்து, பேர் எழுதி, குளிர்ப்பெட்டியில் வைப்போம். சாயங்காலம் ஒரு தடவை முகர்ந்து நம் முடிவை நாமே சரிபார்த்துக்கொள்ள. மூக்கு போன பிறகு நான் அதை முகர்ந்ததே இல்லை. ஆனால் நிரப்பி வைப்பதை நிறுத்தவும் இல்லை, நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அன்றும் நிரப்பினேன், என் கையெழுத்தில் பேர் எழுதினேன், உள்ளே வைத்தேன். அப்படி வைத்தது என் நினைவிலேயே இல்லை. நீங்கள் அந்தப் புட்டியைக் காட்டியபோதுதான் ஞாபகம் வந்தது.

பிறகு பால் ஏற்றிப்போகும் பெரிய வண்டி ஒன்று உள்ளே வந்தது. எல்லாரும் அதன் குழாயைப் பூட்டப் போனார்கள். நான் சுவருக்குப் பின்னால் போனேன். மேடையின் அடியில் ஒரு சாக்கடை ஓடுகிறது. கேன் கழுவிய தண்ணீர், கொட்டிய பால், செருப்பில் வந்த சாணி, எல்லாம் போய்த் தேங்கும் இடம். வாரத்துக்கு ஒரு தடவைதான் கழுவுவார்கள். மேலே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையும் பச்சையுமாக ஆடை கட்டியிருக்கும். அந்த ஆடையைப் பார்த்ததும் எனக்கு ஏழு வயதில் தொண்டையில் தொங்கியது ஞாபகம் வந்தது. நீளக் கைப்பிடிக் கரண்டியை விட்டு ஆடையைக் கிழித்து, அடியிலிருந்து முகந்தேன். கேனுக்கு ஒன்று. நான்கு கரண்டி. நான்காவதில் சட்டைக் கை மணிக்கட்டு வரை நனைந்தது. பிழிந்துவிட்டேன். கரண்டியைச் சுத்தமாகக் கழுவி இருந்த இடத்தில் மாட்டினேன்.

இதைக் கலப்படம் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது. அது சரியான சொல் இல்லை. அந்தப் பால் கெட்டது என்பது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. கேனின் வயிற்றில் குறி இருந்தது. அந்த முடிவை ஒரு யந்திரம் படிக்கக்கூடிய விதத்தில் நான் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். தரை துடைத்துவிடுவார்கள், பால் கொட்டப்பட்டுவிடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதுதான் கணக்கு.

கண்ணாடி வந்து நான்கு கேனிலும் மாதிரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் நாலு கேன் சுவரைச் சுற்றி வந்துவிட்டாள். பின்னாலேயே குழந்தை. அவர்கள் பின்னால் தூக்கி, எடை போடுபவர், இன்னும் நான்கைந்து பேர். நான்கு கேனும் தள்ளுபடி என்றதும் அவளுக்கு முதல் தடவையாக ரோஷம் வந்திருந்தது.

"அண்ணே, ஒண்ணு ரெண்டுன்னா பொறுத்துக்கிட்டேன். நாலும் எப்படிண்ணே கெட்டுப்போகும்? என் வீட்டுல இதைத்தானே குடிக்கிறோம்."

தூக்கி குனிந்து முகர்ந்தான். "இல்லக்கா, அடிக்குதுக்கா, நிஜமாவே அடிக்குது," என்றான். அவன் எப்போதும் அப்படித்தானே சொல்வான். அவள் காதில் வாங்கவில்லை.

அவள் மூடியைக் கவிழ்த்து அதில் கேனிலிருந்து பாலைச் சாய்த்தாள். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள். எனக்கு இருக்கும் மூக்குதான் அவளுக்கும் என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. வருடம் முழுக்க அடைத்த மூக்கு. பிறகு இன்னொரு மூடி சாய்த்துக் குழந்தையிடம் நீட்டினாள்.

"குடிடா கண்ணு. இந்த அண்ணங்க எல்லாம் பாக்கட்டும்."

குழந்தை வாயருகே கொண்டுபோய் நிறுத்தியது. "அம்மா, நாறுது," என்றது.

"ஒண்ணும் இல்ல. நம்ம பாலுதான். குடி."

குழந்தை என்னைப் பார்த்தது. ஏன் என்னைப் பார்த்தது என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. நான்தான் மூக்கர் என்று அதற்கும் தெரிந்திருக்கும். பிறகு குடித்தது. முழுவதும் குடித்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நேற்று மேசையைத் தட்டினீர்கள். சொல்லியிருக்கலாம். வாயில் வார்த்தை இருந்தது. கையை நீட்டினால் மூடியைத் தட்டிவிடும் தூரம்தான். ஆனால் என் இடத்தில் இருந்து பாருங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். கெட்ட பால் என்று ஏற்கெனவே குறி போட்டுச் சொல்லியாயிற்று, கேட்காதது அவள். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அப்புறம், அந்தக் குழந்தை குடித்த விதம். தாடையில் வழிந்தது, மூக்கிலிருந்து வழிந்தது மூடிக்குள்ளேயே விழுந்தது, அதையும் சேர்த்து நக்கியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பியபோது கண்ணாடி நின்றுகொண்டிருந்தாள். எதையோ மறந்து எடுக்க வந்தவள். அவள் காலி மூடியைப் பார்த்தாள், தாயையும் குழந்தையையும் பார்த்தாள், பிறகு என் சட்டைக் கையைப் பார்த்தாள். மூக்கு இலேசாக அசைந்தது. மறந்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று மாலை வீட்டில் மனைவி கதவைத் திறந்ததுமே பின்னால் நகர்ந்தாள். "கையில என்னங்க இப்படி நாத்தம்?" என்றாள். நாள் முழுக்க அந்தக் கையோடுதான் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் மாதிரியின் முடிவு வந்தது. கண்ணாடி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அப்படிப்பட்ட பாலைப் பார்த்ததில்லை என்றார் மேலாளர். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எடை போடுபவர் மறுபடி என் கண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னார். தாயும் மகளும் மருத்துவமனையில் இருப்பதாகத் தூக்கி சொன்னான். தாய்க்கு இரண்டு நாளில் நின்றுவிட்டது. குழந்தைக்கு நிற்கவில்லை. வாயாலும் வயிற்றாலும் போய்க்கொண்டே இருந்ததாம். ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. நான் அங்கே போகவில்லை, மருத்துவமனை வாடை எனக்கு ஆகாது. முன்பு ஆகாது என்று சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் அவள் மேடைக்கு வந்தாள். கேன் இல்லாமல். விரலில் துணிச் சுற்று இல்லை, காயம் ஆறியிருந்தது. மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது, அழுததால் இருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் கையைக் கூப்பினாள்.

"நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்ணே. புள்ளையும் சொல்லுச்சு, நாறுதுன்னு. என் கையாலேயே ஊத்திக் குடுத்துட்டேன்."

தூக்கி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். நான் அவளிடம், "இனிமே கையை நல்லாக் கழுவிட்டுக் கற," என்றேன். அவள் தலையாட்டினாள். உங்கள் எழுத்தர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் சொன்னதில் தவறான வார்த்தை எது என்று அவரே சொல்லட்டும். எந்தக் கறவைக்காரிக்கும் சொல்லும் புத்திமதிதான்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்தது. கண்ணாடி என் சட்டைக் கையை மறக்கவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து என் கையெழுத்துள்ள அந்தப் புட்டியை எடுத்து ஆராய்ந்தாள். குறி போட்ட அதே நிமிடத்தில் அதே கேனிலிருந்து எடுத்த பால், அப்பழுக்கில்லை. அதைக் குழந்தையின் தாயிடமும் சொல்லிவிட்டார்களாம். நேற்று வாசலில் உட்கார்ந்திருந்தாளே, என்னைப் பார்த்ததும் அவள் திட்டவில்லை. வாந்தி எடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் இல்லாத வயிற்றிலிருந்து. உங்கள் ஆள் பழைய துணியால் அதைத் துடைத்தார். நடைபாதை முழுக்க இழுத்துவிட்டார், ஓரம் இன்னும் காயவில்லை.

ஆம், நான்தான் ஊற்றினேன். நான்கு கேனிலும். குழந்தை குடிப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஆனால் தரம் பார்க்கத் தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீங்கள் உணவுக்குப் பிறகு கொண்டுவந்து மேசைமேல் வைத்த இந்தச் சின்னக் கேனைப் பற்றிக் கேட்டீர்கள். முகர்ந்து சொல் என்றீர்கள். சோதிக்கிறீர்கள் என்று தெரியும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கேன் நன்றாகத் துடைத்திருக்கிறது. வயிற்றில் பழைய சுண்ணக்கட்டியின் தடம் கொஞ்சம் தெரிகிறது, அது பெரிய விஷயம் இல்லை. உங்கள் நகங்கள் வெட்டியிருக்கின்றன. கைக்குட்டை மடிப்புக் கலையவில்லை. மூடியைத் திருகுகிறேன், கவிழ்க்கிறேன், இதோ. வயிற்றில் ஒரு புரட்டலும் இல்லை. நல்ல பால், ஐயா. பத்துக்கு ஒன்பது. குழந்தைகளுக்கே கொடுக்கலாம்.

உங்கள் எழுத்தர் ஏன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுகிறார் என்று தெரியவில்லை. ஜலதோஷமாக இருக்கும்.